பிறந்தநாளைப் பனிமலையில் கொண்டாட: கோலாலம்பூர், பினாங்கிலிருந்து முதன்முறை போகிற குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிறந்தநாளன்று காலையில்தான் வாழ்க்கையில் முதன்முறையாகப் பனிச்சறுக்குப் பலகையான ஸ்கீயைக் காலில் மாட்டினால், மாலையில் என்ன இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். நனைந்த கையுறை, நடுங்கும் தொடை, சமதரையிலேயே பத்துத் தடவை விழுந்த களைப்பு. கேக் வெட்டும்போது கண் சொருகும். அதே ஆள், அதே மலை, ஆனால் இரண்டு நாள் பாடம் முடிந்து மூன்றாம் நாள் என்றால் நிலைமை வேறு. கம்பிவடத்தில் தொங்கும் கொண்டோலா பெட்டியில் மேலே போய், மிக எளிதான பச்சைப் பாதையில் குடும்பத்தோடு மெதுவாக வளைந்து வளைந்து இறங்கி வரலாம். அந்த இறக்கம்தான் பிறந்தநாள் பரிசு.

அதனால் இந்த வழிகாட்டியில் எல்லாம் ஒரே கணக்குப்படி போகிறது: பிறந்தநாள், மூன்றாவது ஸ்கீ நாளாக விழ வேண்டும். விமானம், அறை, பாடம், கேக் எல்லாவற்றையும் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பதிவு செய்யுங்கள்.

பிறந்த மாதத்துக்கு ஏற்ற மலை

டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை பிறந்தவர்களுக்கு ஜப்பான்தான் வசதி. கோலாலம்பூரிலிருந்து சப்போரோவின் நியூ சித்தோசே விமான நிலையத்துக்கு நேரடி விமானம் இருக்கிறது. ஏறக்குறைய 8 மணி நேரம். மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் சுற்றுலாவுக்கு விசா இல்லாமலே 90 நாள் வரை தங்கலாம். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் சப்போரோ இருக்கும் ஹொக்கைடோ தீவில் பனி மாவு போலக் கொட்டும். குளிர் மைனஸ் 5 முதல் மைனஸ் 10 டிகிரி வரை சாதாரணம், காற்று அடித்தால் இன்னும் கடுமையாக உறைக்கும். மார்ச்சில் வெயில் வரும், கூட்டம் குறையும், விலையும் இறங்கும். முதல்முறை போகிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஜனவரியைவிட மார்ச் முதல் பாதி நல்லது என்பதே எங்கள் கருத்து. முகத்தில் பனி அறைகிற நாளில் யாருக்கும் பாடம் ஏறாது.

ஹொக்கைடோ என்றதும் எல்லோரும் நிசெகோ என்பார்கள். நல்ல மலைதான், ஆனால் உச்சப் பருவத்தில் விலை கழுத்தை நெரிக்கும். அதன் நான்கு பகுதிகளுக்கும் சேர்த்து, மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கான ஒருநாள் பாஸ் 10,000 யென்னைத் தாண்டிவிட்டது. புதிதாகக் கற்கிறவருக்கு அந்தப் பெரிய மலையில் இருபதில் ஒரு பங்குகூடப் பயன்படாது. சப்போரோ நகரத்திலேயே தங்கி, 1972 குளிர்கால ஒலிம்பிக்கின் சில போட்டிகள் நடந்த தெய்னே மலைக்கு நாள்தோறும் போய் வருவதை யோசித்துப் பாருங்கள். மலையடிவாரப் பகுதி கற்பவர்களுக்கு ஏற்றது, இரவில் நகரத்தில் இந்தியச் சாப்பாடும் கிடைக்கும். தோக்கியோவில் தங்குகிறவர்களுக்குக் காலா யூசாவா மலை: அதிவேக ஷின்கான்சென் ரயில் நிலையத்துக்குள்ளேயே உடை, ஸ்கீ எல்லாம் வாடகைக்கு எடுத்து, அங்கிருந்தே கொண்டோலாவில் ஏறிவிடலாம். தோக்கியோவிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை பிறந்தவர்களுக்கு நியூசிலாந்து. குயின்ஸ்டவுன் ஊரைச் சுற்றி கோரனெட் பீக், ரிமார்க்கபிள்ஸ் என்று இரண்டு மலைகள் உண்டு. மலேசியர்கள் கிளம்புமுன் இணையத்தில் என்.இசட்.இ.டி.ஏ. என்ற மின்னணு நுழைவு அனுமதி வாங்க வேண்டும்.

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிறந்தவர்கள் அந்தத் தேதியிலேயே மலைக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். மிச்சமிருக்கும் அழுக்குப் பனியில் கற்பது வீண் செலவு. துபாயில் மால் ஆஃப் தி எமிரேட்ஸ் பேரங்காடிக்குள் உள்ள ஸ்கீ துபாய் போன்ற உள்ளரங்கம் ஒரு வழி. கொண்டாட்டத்தை டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் தள்ளிவைப்பது அதைவிட நல்ல வழி.

தேதியும் நட்சத்திரமும்

நம்மில் பலருக்கு இரண்டு பிறந்தநாள்: ஆங்கிலத் தேதி ஒன்று, ஜென்ம நட்சத்திரம் ஒன்று. இந்தப் பயணத்துக்கு அது வசதியாகவே அமையும். நட்சத்திர அர்ச்சனையை ஊரிலேயே, கோலாலம்பூர் துன் எச்.எஸ். லீ சாலை மகாமாரியம்மன் கோவிலிலோ பினாங்கு தண்ணீர்மலையிலோ முடித்துக்கொண்டு, கேக்கை மலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புகிற அன்றே அர்ச்சனை என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டில் வந்த வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை, பூ எதையும் கைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறக்கூடாது. பச்சைப் பழம், இலை, பூ எதற்கும் ஜப்பானில் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். நியூசிலாந்தில் அறிவிக்காத ஒரு ஆப்பிளுக்கே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். திருநீறும் குங்குமமும் சின்னப் பொட்டலமாகப் போகலாம்.

ஜனவரி, பிப்ரவரியில் தைப்பூசத்தையும் சீனப் புத்தாண்டையும் பார்த்துத் தேதி குறியுங்கள். காவடி எடுக்கிற குடும்பத்தில் விரத நாட்கள் பயணத்துக்குள் விழுந்தால் சாப்பாடு பெரிய சிக்கலாகிவிடும். சீனப் புத்தாண்டு வாரத்தில் அறை, பாடம், விமானம் மூன்றுமே எகிறும், ஆங்கிலம் பேசும் பயிற்றுநர் கிடைப்பதே அரிது.

நாள் கணக்கு

ஏழு நாள் வேண்டும். முதல் நாள் வந்து சேர்வது, வாடகைப் பொருட்களை அளவு பார்த்து எடுப்பது, தூக்கம். இரண்டாம் நாள் முதல் பாடம். மூன்றாம் நாள் இரண்டாவது பாடம், அரைநாள் மட்டும். மாலையில் வெந்நீர்க் குளம். நான்காம் நாள் பிறந்தநாள். ஐந்தாம் நாள் காலி. ஆறாம் நாள் கடைவீதி, ஏழாம் நாள் வீடு.

ஐந்தாம் நாளைக் காலியாக விடுவது ஆடம்பரம் இல்லை. பலத்த காற்றில் கொண்டோலாவை நிறுத்திவிடுவார்கள், பனிப்புயலில் மலையே மூடப்படும். அப்படி ஆனால் பிறந்தநாள் இறக்கம் ஐந்தாம் நாளுக்குப் போகும், கேக் மட்டும் நான்காம் நாளிலேயே இருக்கும். நியூ சித்தோசேயில் பனியால் விமானம் தாமதமாவதும் ரத்தாவதும் குளிர்காலத்தில் சகஜம். அதனால் திரும்பி வந்த மறுநாள் காலையே வேலைக்குப் போகிற மாதிரித் திட்டம் போடாதீர்கள்.

பினாங்குக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. பினாங்கு–கோலாலம்பூர் சீட்டையும் கோலாலம்பூர்–சப்போரோ சீட்டையும் தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பணம் போனது போனதுதான். ஒரே பதிவில் வாங்குங்கள், இல்லையென்றால் இடையில் குறைந்தது 5 மணி நேரம் விடுங்கள். கே.எல்.ஐ.ஏ. முதல் முனையத்தில் இறங்கி இரண்டாம் முனையத்தில் ஏறுவதாக இருந்தால் இன்னும் கூட விடுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து, அங்கிருந்து விமான நிலைய ரயில் பிடிப்பது நேரம் பிடித்தாலும் வானிலைக்கு அஞ்சாத வழி.

அறையை 6 முதல் 9 மாதம் முன்பே பிடியுங்கள். அறையைப் பிடிக்கிற அன்றே பாடத்தையும் பதிவு செய்யுங்கள். இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். ஸ்கீ எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் வாடகைக்குக் கிடைக்கும், பயிற்றுநர் கிடைக்கமாட்டார்.

காப்புறுதியையும் அதே வாரத்தில் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதியில் பனி விளையாட்டைச் சேர்க்காமல் விடுவது வழக்கம். ‘குளிர்கால விளையாட்டு’ என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்கிறதா, மலையிலிருந்து மீட்டு இறக்கும் செலவு உண்டா, வாடகைப் பொருள் உடைந்தால் உண்டா என்று மூன்றையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே சறுக்கினால் காப்புறுதி செல்லாமல் போகலாம்.

ஆறு வாரப் பயிற்சி

ஸ்கீயில் முதலில் களைப்பது தொடை. முழங்காலை மடக்கியபடியே எடையைத் தாங்கித் தாங்கி இறங்குகிற வேலை அது. ஏறும் பயிற்சியைவிட இறங்கும் பயிற்சிதான் இதற்குப் பொருத்தம். பத்துமலையின் 272 படிகளை ஏறுவது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் செய்ய வேண்டியது கைப்பிடியைத் தொடாமல், ஒவ்வொரு படியிலும் முழங்காலை மடக்கி, குதிக்காமல் மெதுவாக இறங்குவது. வாரம் இரண்டு நாள், மூன்று சுற்று போதும். பினாங்கில் தாவரவியல் பூங்காவிலிருந்து பினாங்கு மலைக்குப் போகும் ஜீப் பாதை சுமார் 5 கி.மீ., நல்ல செங்குத்து. ரயிலில் ஏறி, நடந்து இறங்குங்கள். முதல் தடவை மறுநாள் தொடை கழன்று போன மாதிரி வலிக்கும். அந்த வலி ஊரிலேயே வந்து போனால் மலையில் பாதியாகக் குறையும்.

வீட்டில்: சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் 30 விநாடியில் தொடங்கி, ஆறாம் வாரம் 90 விநாடிக்குக் கொண்டுவாருங்கள். சன்வே பிரமிட்டிலோ புத்ராஜெயா ஐ.ஓ.ஐ. சிட்டி பேரங்காடியிலோ இரண்டு மூன்று முறை பனித்தரைச் சறுக்கு போவதும் உதவும். காலுக்கடியில் தரை நழுவும்போது பதறிப் பின்னால் சாய்வது மனித இயல்பு. அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் இது.

உடை

மூன்று அடுக்கு. உள்ளே உடலோடு ஒட்டிய மெல்லிய கம்பளியோ செயற்கை நூலோ, நடுவில் ஃப்ளீஸ் என்ற கதகதப்பான மென்துணி, வெளியே தண்ணீர் புகாத சட்டையும் கால்சட்டையும். பருத்தி பனியன், ஜீன்ஸ் இரண்டும் கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். லிஃப்டில் ஐந்து நிமிடம் அசையாமல் உட்காரும்போது அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது? உள்ளாடை, காலுறை, கையுறை, கழுத்துறை, பனிக் கண்ணாடி ஆகியவற்றை வாங்குங்கள். வெளிச்சட்டை, கால்சட்டை, தலைக்கவசம், ஸ்கீ, பூட்ஸ் எல்லாம் அங்கேயே வாடகைக்கு. உள்ளடுக்குக்கு யூனிக்லோவின் ஹீட்டெக், மற்றவற்றுக்கு டெக்கத்லான் போதும். ஃப்ளீஸ் சட்டைக்குப் பண்டல் கடைகளையும் ஒரு சுற்றுப் பாருங்கள். ஆனால் பழைய வெளிச்சட்டையை அங்கே வாங்காதீர்கள். உள்பக்கத் தண்ணீர்த் தடுப்புப் பூச்சு உரிந்திருந்தால் கடையில் தெரியாது, மலையில்தான் தெரியும். கையுறையில் விரல் தனித்தனியாக இருப்பதைவிட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் வகை கதகதப்பு அதிகம். குழந்தைகளுக்கு அதுதான், மாற்றுக்கு இன்னொரு ஜோடியும்.

நம் பெண்களுக்கு யாரும் சொல்லாத சில விஷயங்கள். மெட்டியைக் கழற்ற வேண்டும். ஸ்கீ பூட்ஸ் காலை நாலாபுறமும் இறுக்கும், மெட்டி பக்கத்து விரலில் பதிந்து மதியத்துக்குள் புண்ணாகிவிடும். கழற்ற மனமில்லை என்றால் மெல்லிய துணிப் பட்டை சுற்றி, முதல் அரைமணியிலேயே ஒருமுறை பாருங்கள். கொண்டை போட்டால் தலைக்கவசம் உட்காராது. தாழ்ந்த ஒற்றைப் பின்னல் போட்டு, அதைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். தொங்கும் பின்னலும் துப்பட்டாவும் நாற்காலி லிஃப்டில் மாட்டினால் ஆபத்து. ஜிமிக்கியும் வேண்டாம். பட்டுச்சேலையில் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள், சேலைக்குள் இரண்டு அடுக்கு உள்ளாடையும் காலில் பனிக் காலணியும் போட்டு, விடுதி வாசலில் ஐந்து நிமிடம் நின்று எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடலாம். ஸ்கீ பாதையில் சேலை வேண்டவே வேண்டாம்.

வெயில் களிம்பை விட்டுவிடாதீர்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும். மேல்நோக்கி வரும் அந்த வெயில் மூக்கின் அடிப்பக்கத்தையும் தாடையையும் சுடும். கறுத்த தோலுக்குச் சுடாது என்பது தவறு. கண்ணாடி போடாமல் ஒரு நாள் முழுக்க இருந்தால் இரவில் கண்ணில் மணல் போட்டது போல எரியும்.

பூட்ஸ், ஸ்கீ, வாடகைப் படிவம்

முழுப் பயணத்தின் சுகமும் துக்கமும் பூட்ஸில் இருக்கிறது. இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வந்து சேர்ந்த அன்று மாலையிலேயே முடித்துவிடுங்கள்.

ஊரிலேயே பாத நீளத்தை அளந்துகொள்ளுங்கள். தாளைச் சுவரோரம் விரித்து, குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று, நீண்ட விரலின் நுனியில் கோடு போடுங்கள். மாலையில் அளந்தால் சரியாக இருக்கும், நடந்து நடந்து கால் சற்றுப் பருத்திருக்கும். ஸ்கீ பூட்ஸ் அளவு என்பது அந்தச் சென்டிமீட்டர்தான்: 25.5 செ.மீ. பாதத்துக்கு 25.5.

போடும்போது ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறை. இரண்டு போட்டால் இன்னும் சூடு என்று நினைப்பது பெரும்பிழை. இறுக்கத்தில் இரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் வேகமாகக் குளிரும், இரண்டு காலுறைக்கு நடுவே மடிப்பு விழுந்து தோல் உரியும். உள்ளாடையின் கால் விளிம்பும் பூட்ஸுக்குள் போகக்கூடாது, அதன் மேலே நிற்கட்டும். நாக்குப் பகுதியை முழுதாக வெளியே இழுத்து, காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் இரண்டு முறை பலமாகத் தட்டுங்கள். பாதத்தின் மேல் கொக்கிகளை லேசாகவும், கணுக்கால் கொக்கியை நன்றாகவும் மாட்டுங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்சுவரைத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் விரல் பின்னே நகர்ந்து தொடாமல் விலக வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் அளவு சரி. மடக்கும்போது குதிகால் மேலே எழும்பினால் பூட்ஸ் பெரிது. பெரிதான பூட்ஸ் கடையில் சுகமாக இருக்கும், மலையில் திருப்பவே முடியாது.

ஸ்கீயின் நீளம் கற்பவருக்கு நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவே இருந்தால் போதும்.

படிவத்தில் உயரம், எடை, வயது, திறமை கேட்பார்கள். எடையைக் கூச்சத்தில் குறைத்து எழுதாதீர்கள், கூட்டியும் எழுதாதீர்கள். பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங் எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதை அந்த எண்களை வைத்துத்தான் முறுக்குகிறார்கள். தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்தால் விழும்போது ஸ்கீ கழலாமல் முழங்கால் தசைநாரை முறுக்கும். மிகத் தளர்வாக இருந்தால் ஓடும்போதே கழன்று விழவைக்கும். திறமை என்ற இடத்தில் ‘புதியவர்’ என்றே குறிப்பிடுங்கள். வேறொருவருக்கு முறுக்கிய ஸ்கீயை, பூட்ஸ் பொருந்துகிறது என்பதற்காக, அண்ணன் தம்பிக்குள் மாற்றிக்கொள்ளக் கூடாது.

முதல் பாடம்

பெற்றோரோ நண்பரோ சொல்லித்தருகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். பயிற்றுநர் இரண்டு மணியில் தருவதை அவர்களால் இரண்டு நாளில் தர முடியாது. முதல் நாளுக்கு முழு லிஃப்ட் பாஸும் வேண்டாம். நகரும் கம்பளப் பகுதிக்கு மட்டும் உள்ள சீட்டு, மணிக்கணக்குச் சீட்டு, பாடத்தோடு சேர்ந்த சீட்டு எது இருக்கிறது என்று கேளுங்கள்.

மாட்டுவது முதல் வேலை. சரிவில் நிற்கும்போது ஸ்கீ இரண்டையும் சரிவுக்குக் குறுக்கே வைத்து, கீழ்ப்பக்கக் காலை முதலில் மாட்டுங்கள். அதற்குமுன் பூட்ஸ் அடியில் ஒட்டிய பனியைக் கையிலுள்ள ஸ்கீ கோலால் தட்டி எடுங்கள். ஒரு விரல் கனத்துக்குப் பனி அப்பியிருந்தாலும் பைண்டிங் ‘கிளிக்’ என்று மூடாது. சில சமயம் மூடினது போலக் காட்டி முதல் திருப்பத்திலேயே விடும். நுனியை முதலில் நுழைத்து, குதிகாலை அழுத்த வேண்டும்.

அடுத்து நிற்கும் விதம். முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் முன்னெலும்பு பூட்ஸின் நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அந்த அழுத்தம் போனால் நீங்கள் பின்னால் சாய்ந்துவிட்டீர்கள் என்று பொருள்; பின்னால் சாய்ந்தால் ஸ்கீயின் முன்பகுதி பிடிமானம் இழந்து வேகம்தான் கூடும். பயந்தவர் பின்னால் சாய்வார், சாய்ந்தவர் வேகமாகப் போவார், இன்னும் பயப்படுவார். இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி, கைகள் இரண்டையும் சாப்பாட்டுத் தட்டு ஏந்துகிற மாதிரி முன்னால் நீட்டி வைத்திருப்பது. கை முன்னால் இருந்தால் உடம்பும் முன்னால் வரும்.

நிறுத்தத்துக்கு ‘பீட்சா’ என்பார்கள்: முன்நுனிகள் நெருங்கி, பின்நுனிகள் அகன்று, பீட்சாத் துண்டு வடிவம். பின்பக்கம் எவ்வளவு அகலுகிறதோ அவ்வளவு நிற்கும். நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடாமல் ஒரு கையகல இடைவெளி விடுங்கள். திருப்பத்துக்குத் தோளை முறுக்கக் கூடாது. இடப்பக்கம் போக வலது காலில் எடை, வலப்பக்கம் போக இடது காலில் எடை. தலைகீழாகத் தோன்றும். பத்துத் தடவை செய்ததும் கால் தானாகக் கற்றுக்கொள்ளும்.

விழுவதற்கும் முறை உண்டு. மேட்டுப் பக்கமாக, பக்கவாட்டில் இடுப்பை இறக்கி விழுங்கள். கையை நீட்டி ஊன்றாதீர்கள். எழும்போது ஸ்கீ இரண்டையும் உடம்புக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்கே கொண்டுவந்த பிறகே எழுங்கள். இல்லையென்றால் எழும்போதே வழுக்கும்.

பாதை எவ்வளவு கடினம் என்பதை நிறத்தால் குறிப்பார்கள். எளிதிலிருந்து கடினத்துக்கு, ஜப்பானில் பச்சை, சிவப்பு, கறுப்பு. நியூசிலாந்தில் பச்சை, நீலம், கறுப்பு. இரண்டு இடத்திலும் உங்களுக்குப் பச்சை மட்டும். முன்னால், கீழே போகிறவருக்கே வழியுரிமை. நின்று படம் எடுப்பதானால் பாதை ஓரத்துக்குப் போங்கள், மேட்டுக்கு அப்பால் கண்ணில் படாத இடத்தில் நிற்காதீர்கள். கைப்பேசியை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும்.

குளிரில் விரலோ காதோ மூக்கோ மரத்துப்போய், தோல் வெளிறியோ சாம்பல் பூத்தது போலவோ ஆனால் உடனே உள்ளே போங்கள். பனியால் தேய்க்கக் கூடாது, அடுப்பில் காட்டக் கூடாது. அக்குளில் விரலை வைத்துச் சூடாக்குங்கள். நம் நிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, ஆகவே குழந்தையிடம் “விரல்ல உணர்ச்சி இருக்காடா?” என்று அரைமணிக்கு ஒருமுறை கேளுங்கள். சறுக்காமல் உடன்வரும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் ஆபத்து மலையில் இல்லை, நடைபாதையில்தான். காலணிக்கு மாட்டும் கூர்முள் பட்டை ஹொக்கைடோக் கடைகளில் கிடைக்கும். முதல் நாளே வாங்கி மாட்டிவிடுங்கள்.

சாப்பாடு

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: மலை உணவகத்தில் கிடைக்கும் ஜப்பானியக் ‘கறி’ சாதத்தில் மாடோ பன்றியோ இருப்பது வழக்கம்; காய்கறிக் கறி என்றாலும் குழம்புக் கட்டியிலேயே மாட்டுக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். சைவர்களுக்கு நூடல்ஸ் சாறும் ஆகாது, அதன் அடிப்படை பெரும்பாலும் மீனோ இறைச்சியோதான். சமையலறை உள்ள அறையாகப் பிடிப்பதே தீர்வு.

ஆனால் வீட்டுச் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மலேசியாவில் 240 வோல்ட், ஜப்பானில் 100. நம் பானையோ கெட்டிலோ அங்கே தன் சக்தியில் ஆறில் ஒரு பங்குதான் தரும், அரிசி ஊறிக்கொண்டே கிடக்கும். கைப்பேசி மின்னூட்டிகளில் 100–240 என்று எழுதியிருந்தால் தட்டைக் கம்பி இணைப்பான் மட்டும் போதும். இறைச்சி உள்ள எதையும், இறைச்சித் துண்டு போட்ட உடனடி மீ பாக்கெட்டைக்கூட, ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. ரசப்பொடி, சாம்பார்ப்பொடி, இட்லிப்பொடி, ஊறுகாய் எல்லாம் கடையில் மூடிய பாக்கெட்டாக எடுத்து, சுங்கத்தில் கேட்டால் மறைக்காமல் காட்டுங்கள்.

கேக்கும் மெழுகுவர்த்தியும்

ஜப்பானில் கேக் அளவை எண்ணால் சொல்வார்கள். ஒரு எண் 3 செ.மீ. விட்டம். 5ஆம் எண் என்றால் 15 செ.மீ., நான்கு முதல் ஆறு பேருக்கு. குறைந்தது மூன்று நாள் முன்னால், அதாவது வந்து சேர்ந்த அன்றே, விடுதி வரவேற்பில் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் ‘ல’ எல்லாம் ‘ர’ ஆகிவிடும். வழக்கமான கேக் முட்டை சேர்த்த பஞ்சுக் கேக், பாலேடு, ஸ்ட்ராபெரி. முட்டையில்லாதது கிராமப்புற மலையூர்களில் கிடைப்பது கடினம். மூஸ் வகையில் ஜெலட்டின் இருக்கும்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு ரவா கேசரியையே கேக்காக அமைக்கலாம். ஆறு பேருக்கு: வறுத்த ரவை பாக்கெட்டிலிருந்து 170 கிராம், தண்ணீர் இரண்டரைக் கோப்பை, சர்க்கரை ஒரு கோப்பை, உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், ஏலக்காய்த்தூள், முந்திரி. வெண்ணெயை மெல்லிய தீயில் நுரை அடங்கி அடியில் பொன்னிறக் கசண்டு தெரியும்வரை உருக்கினால் 80 கிராம் போல நெய் கிடைக்கும். அதில் முந்திரியை வறுத்து எடுத்து, ரவையை இரண்டு நிமிடம் புரட்டி, கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். ரவை வெந்த பிறகே சர்க்கரை. முன்னால் போட்டால் வேகாமல் பல்லில் நறநறக்கும். நெய் ஓரத்தில் கசிந்து பாத்திரத்தை விடும்போது, நெய் தடவிய வட்டக் கிண்ணத்தில் அழுத்தி நிரப்பி, 20 நிமிடம் ஆறவிட்டுத் தட்டில் கவிழ்த்தால் கத்தியால் வெட்டுகிற பதத்தில் நிற்கும். காற்று உறிஞ்சியைப் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். புகை உணரி கத்தினால் விடுதியே வெளியே வந்து நிற்கும்.

பொறி கக்கும் மெழுகுவர்த்தி, வெடிக்கும் காகிதக் குழல், ஹீலியம் உருளை எதையும் விமானத்தில் கொண்டுபோகக் கூடாது. சாதாரண மெழுகுவர்த்தி போகலாம், ஆனால் அறையில் ஏற்ற அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மின்கல மெழுகுவர்த்தி. பலூனை வெளியே கட்டாதீர்கள். 25 டிகிரி அறையில் ஊதியது மைனஸ் 8 டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கி, ரப்பர் விறைத்து, தொட்டால் உடையும். கேக்கையும் வெளியே வெட்ட வேண்டாம். பாலேடு கல்லாகி, கத்தி ஓரத்தில் அடுக்கு அடுக்காகப் பெயரும்.

பிறந்தநாள் அன்று

காலை உணவுக்கு முன் தொடை எப்படி இருக்கிறது என்று மாடிப்படி இறங்கிப் பாருங்கள். கைப்பிடி இல்லாமல் இறங்க முடிந்தால் மலைக்குத் தயார். காலை 9 மணிக்குக் கற்றல் பகுதியில் இரண்டு சுற்று: பீட்சாவில் நிற்க முடிகிறதா, இருபுறமும் திரும்ப முடிகிறதா என்று பார்ப்பதற்கு. இரண்டும் சரியென்றால், வழிகாட்டிப் பலகையில் உச்சியிலிருந்து அடிவாரம்வரை பச்சையாகவே வரும் பாதை திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டுக் கொண்டோலா ஏறுங்கள். நடுவில் ஒரு துண்டு சிவப்பு இருந்தாலும் போகாதீர்கள். முடிந்தால் அந்த ஒரு மணிக்கு மட்டும் பயிற்றுநரை அமர்த்திக்கொள்ளுங்கள், அன்றைய செலவில் மிகப் பயனுள்ளது அதுவே. சறுக்காதவர்களுக்கு நடைப்பயணிச் சீட்டு விற்கிற மலையென்றால் பாட்டியையும் மேலே கூட்டிப்போங்கள். இறங்கியும் அதே பெட்டியில்தான் வர வேண்டும், கடைசிப் பெட்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள்.

இறங்கும் வரிசை: நன்றாகச் சறுக்குகிறவர் முதலில், பிறந்தநாள்காரர் இரண்டாவது, குழந்தைகள் நடுவில், இன்னொரு தேறியவர் கடைசியில். 100 மீட்டருக்கு ஒருமுறை ஓரத்தில் நின்று எல்லோரும் வந்துவிட்டார்களா என்று எண்ணுங்கள். முன்னால் போகிறவர் பெரிய வளைவாகப் போட்டால் பின்னால் வருகிறவர் அதே தடத்தில் வந்தாலே வேகம் அடங்கும்.

மதியத்துக்குப் பிறகு ஒரே ஒரு சுற்று. “இன்னும் ஒரு தடவை, கடைசி” என்று யாராவது கேட்கும்போதுதான் கால் சோர்ந்திருக்கும், பனியும் கட்டி தட்டியிருக்கும். பிறந்தநாள்காரரே கேட்டாலும் 3 மணிக்கு ஸ்கீயைக் கழற்றுங்கள். பூட்ஸின் கொக்கியை அவிழ்த்து, உள்ளுறையைக் காயவைத்து, வெந்நீரில் கால் நனைத்துவிட்டு வந்தால் 6 மணிக்குக் கேக்.